இருபத்தேழைத் தாண்டாதே

“இருபத்தேழு. அதைத் தாண்டி ஒரே ஒரு மார்க் வாங்கினாலும் போச்சு மச்சான். வேலை கிடையாது.”

வெர்னன் குசாக் வாய்க்குக் கொண்டுபோன முள்கரண்டியைப் பாதி வழியில் நிறுத்தினான். அதன் முனையில் உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டை ஒன்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“இருபத்தேழுக்குக் கீழ வாங்கினாத்தான்னு சொல்ல வர்றியா?”

“கீழ இல்ல. மேல.”

“ரஸ், இது உனக்கு எத்தனாவது பீர்?”

“முதல் பீர். அதுவும் பாதி அப்படியே இருக்கு.”

ரஸ், வெர்னனின் மனைவி டோரீனுக்குத் தம்பி. பாக்ஸ்டர் ரன் ஊரின் போலீஸ் நிலையத்தில் ரோந்து போகிறவன். அந்த நிலையத்தில் ஒரே ஒரு இடம் காலியாகியிருந்தது. அதற்குத்தான் வெர்னன் மனுப் போட்டிருந்தான்.

“ஐம்பது கேள்வி,” ரஸ் விரலை மடக்கினான். “ஆளோட அறிவை அளக்கிற பரீட்சை. இருபதுக்குக் கீழ போனா மக்குன்னு தள்ளிடுவாங்க. இருபத்தேழுக்கு மேல போனா புத்திசாலின்னு தள்ளிடுவாங்க. நடுவுல நிக்கறவன்தான் எங்க சீஃபுக்கு வேணும்.”

“புத்திசாலி என்ன பாவம் பண்ணினான்?”

“முன்னாடி ஒருத்தன் நாப்பத்திரண்டு வாங்கினான். சீஃப் அவனைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினார். அகாடமிக்கு அனுப்பி, யூனிபார்ம் தைச்சுக் குடுத்து, எல்லாம் டவுன் செலவு. அப்புறம் அவன் கையில வண்டி வேகம் அளக்கிற ரேடாரைக் குடுத்து மேப்பிள் தெரு முனையில உக்கார வச்சாங்க. நாலே மாசம். ‘சீஃப், எனக்குச் சலிப்பா இருக்கு’ன்னு சொல்லிட்டு வக்கீலுக்குப் படிக்கப் போயிட்டான். இப்ப நம்ம டவுன் மேலேயே கேஸ் போட்டிருக்கான்.”

வெர்னன் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப நான் தொலைஞ்சேன்,” என்றான்.

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவன் வேலை பார்த்த மெத்தைக் கடையின் கண்ணாடியில் ‘கடையைக் காலி செய்கிறோம்’ என்று சிவப்பில் எழுதி ஒட்டியாகிவிட்டது. வருஷக் கடைசியோடு சம்பளமும் இல்லை, மருத்துவ இன்சூரன்ஸும் இல்லை. டோரீனுக்குப் பிரசவம் ஜனவரியில். டவுன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே இன்சூரன்ஸ் உண்டு. இன்சூரன்ஸ் இல்லாமல் பென்சில்வேனியாவில் ஒரு குழந்தை பெற்றுக்கொள்ளும் செலவில் ஒரு வீட்டையே வாங்கிவிடலாம்.

தன் அறிவைப் பற்றி வெர்னனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. தினமும் சாயங்காலம் டிவியில் வினாடி வினா ஓடும். கேள்வி கேட்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் சோபாவிலிருந்து விடை பறந்துவிடும். சரியான விடையை டிவி சொல்வதற்குள் அவன் பிரிட்ஜைத் திறக்க எழுந்து போயிருப்பான். தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்க அவனுக்குப் பொறுமை கிடையாது.

“நீ எப்பவும் போல எழுதிட்டு வா வெர்ன்,” என்றாள் டோரீன். “ஒண்ணும் ஆகாது.”

“எப்பவும் போல எழுதினா ஐம்பதுக்கு ஐம்பது வந்துடும். அதானே பிரச்சினை.”

டோரீன் தன் பியரோகியின் மேல் வதக்கிய வெங்காயத்தை இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அன்று முதல் வெர்னனின் வாழ்க்கையில் ஒரே லட்சியம்தான். அறிவைக் குறைக்க வேண்டும். பரீட்சைக்குள் குறைத்தாக வேண்டும்.

ஊர் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. மனிதனின் அறிவை எப்படி அளக்கிறார்கள், எதெல்லாம் அதை ஏற்றும், எதெல்லாம் இறக்கும் என்று விலாவாரியாக எழுதியிருந்தது. தூக்கம் கெட்டால் இறங்கும். வயிறு காய்ந்தால் இறங்கும். சத்தத்தில் இறங்கும். ஊரில் எல்லாரும் ஏறுவதற்காகப் படிக்கிற பக்கங்களை வெர்னன் இறங்குவதற்காகப் படித்தான். பின்பக்கத்தில் மாதிரிக் கேள்விகளும் இருந்தன. கடகடவென்று எழுதினான். விடைகளைச் சரிபார்க்கப் பக்கத்தைத் திருப்பவில்லை. சர்க்கரை இனிக்கிறதா என்று யாராவது நாக்கில் வைத்துப் பரிசோதிப்பார்களா?

முதலில் தூக்கத்தில் கை வைத்தான்.

இரண்டு ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருந்தான். மூன்றாம் நாள் கடையில், காட்சிக்கு வைத்திருந்த இரட்டைக் கட்டில் மெத்தையின் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். கண் விழித்தபோது முதலாளி மொராவெக் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். வெர்னன் பதறி எழுந்தான்.

“மன்னிச்சுக்கங்க சார், தெரியாம...”

“படு,” என்றார் மொராவெக்.

“சார்?”

“படுடா ராசா. அல்டூனாவிலிருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. நீ குறட்டை விடற அழகைப் பார்த்துட்டு, ‘இதே மெத்தை வேணும்’னு வாங்கிட்டுப் போயிட்டாங்க. பதினெட்டு வருஷமா கடை நடத்தறேன், இந்த யோசனை எனக்கு வரல. நாளையிலிருந்து உனக்கு இதான் வேலை.”

அந்த வாரம் முழுக்க வெர்னன் சம்பளத்துக்குத் தூங்கினான். ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டு, மேலே நீலப் போர்வையும் போர்த்தி, அவனை ஊருக்கே காட்டினார் மொராவெக். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு தூங்கியதில்லை. மூளை கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கையைப் பிசைந்துகொண்டு அடுத்த வழிக்குத் தாவினான்.

பட்டினி.

காலைச் சாப்பாட்டை நிறுத்தினான். மத்தியானம் வெறும் காபி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முழங்கால் போட்டவன் எழுந்திருக்கும்போது கண் இருட்டிப் பக்கத்திலிருந்த திருமதி பாபியாக்கின் மேல் சாய்ந்தான். திருமதி பாபியாக் கோயில் மாதர் சங்கத்தின் தலைவி.

“சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தம்பி?”

“அது வந்து, நானாத்தான் சாப்பிடறதில்லை...”

“புரியுது. கடையை மூடறாங்களாமே. பொண்டாட்டி வயித்துல புள்ளை வேற. அவ சாப்பிடட்டும்னு நீ பட்டினி கிடக்கற.” அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?”

சாயங்காலத்துக்குள் குசாக் வீட்டு வாசலில் கார்கள் வரிசை கட்டின. முட்டைக்கோஸும் நூடுல்ஸும் போட்ட ஹலுஷ்கி, பன்றி இறைச்சி வறுவல், அடைத்த முட்டைக்கோஸ், மூன்று வகைப் பூசணிப் பை பலகாரம். பாத்திரங்களில் அவரவர் பெயர் ஒட்டியிருந்தது. காலியாகத் திருப்பித் தராவிட்டால் அந்த வீட்டுப் பெண்மணியின் மனசு உடைந்துபோகும். மாதர் சங்கத்தில் ஒவ்வொருத்தியும் மறுநாள் வழியில் மறித்து, “என்னோடது எப்படி இருந்துச்சு?” என்று கேட்பாள்.

வெர்னன் சாப்பிட்டான். அழாத குறையாகச் சாப்பிட்டான்.

“பெல்ட்டுல புது ஓட்டை போடணும் போலிருக்கே,” என்றாள் டோரீன்.

“சிரிக்காத. இப்ப எனக்கு மூளைக்கு மட்டும் தனியா ரத்தம் ஓடுது. அம்பத்தஞ்சு வாங்கிடுவேன்.”

“ஐம்பது கேள்விதானே?”

“அதைத்தான் சொல்றேன். நிலைமை அவ்வளவு மோசம்.”

மிச்சமிருந்தது சத்தம். வெள்ளிக்கிழமைதோறும் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் பிங்கோ நடக்கும். ஊரிலேயே பெரிய சத்தம் அங்கேதான். மாதிரிக் கேள்விகளை எடுத்துக்கொண்டு போய், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்தான். மேலே எண்களைக் கத்துகிறார்கள். பக்கத்து அறையில் போல்கா வாத்தியக்காரர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். வெர்னன் எழுதினான். கத்தக் கத்த எழுதினான். ஒரு கேள்வியில்கூடக் கை நிற்கவில்லை.

சுற்றி இருந்தவர்கள் பிங்கோவை விட்டுவிட்டு அவனையே பார்க்க ஆரம்பித்தார்கள்.

“என்னப்பா அது?”

“அறிவுப் பரீட்சை.”

“இந்த இரைச்சல்லயா? யோசிக்கவே மாட்டேங்கறானே.”

“யோசிக்கறது நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தாண்டி.”

பிங்கோ முடிவதற்குள் மெத்தைக் கடை வெர்னன் ஒரு மேதை என்ற செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரஸ் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

“மச்சான், கவுத்துட்டாங்க. விஷயம் சீஃப் காதுக்குப் போயிடுச்சு.”

“எந்த விஷயம்?”

“நீ வேணும்னே குறைச்சு எழுதப் போறன்னு.”

“எந்தப் பாவி சொன்னான்?”

ரஸ் தரையைப் பார்த்தான்.

“ரஸ்.”

“பெருமையாத்தான் மச்சான் சொன்னேன். ‘எங்க மச்சான் மூளைக்கு உங்க பரீட்சை தாங்காது, பாவம் அவனே அடக்கி வாசிக்கப் போறான்’னு.”

டோரீன் கையிலிருந்த துணியால் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். “உனக்கு எத்தனை மார்க்குடா குடுத்தாங்க?”

“இருபத்தொண்ணு.”

“தாராளமாப் போட்டிருக்காங்க.”

“கேளு மச்சான்,” ரஸ் குரலைத் தாழ்த்தினான். “சீஃப் புது உத்தரவு போட்டுட்டார். வேணும்னே குறைச்சு எழுதினதாத் தெரிஞ்சா நேரே குப்பைத்தொட்டி. பேப்பரைத் திருத்தறது டவுன் ஆபீஸ் லுவெல்லா. அந்தம்மா கழுகு. கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் ஒரே கட்டத்துல டிக் போட்டா கண்டுபிடிச்சிடும். கேள்வி போகப்போகக் கஷ்டமாகும். சுலபத்தைக் கோட்டை விட்டுட்டுக் கஷ்டத்தைச் சரியா எழுதினாலும் கண்டுபிடிச்சிடும். ஒவ்வொரு தப்பும் நிஜமான தப்பு மாதிரியே இருக்கணும்.”

வெர்னனின் கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது.

“அவ்வளவுதானே?” என்றான். “முதல் இருபத்து நாலு கேள்வியை எப்பவும் போல எழுதறேன். அதெல்லாம் சுலபம், கண்ணைக் கட்டிக்கிட்டே எழுதுவேன். மிச்சம் இருபத்தாறும் கஷ்டமானது. அதுல ஒவ்வொண்ணா, உக்காந்து, ரசிச்சு, சாதாரண மனுஷன் எங்க சறுக்குவானோ அங்க சறுக்கறேன். இருபத்து நாலு மார்க். நட்டநடு.”

“மச்சான்,” ரஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டான், “இப்படி யோசிக்கிற மூளையை வீணடிக்கிறோமேன்னு இருக்கு.”

பரீட்சை டவுன் ஹாலில் நடந்தது. பதினோரு பேர் வந்திருந்தார்கள். லுவெல்லா கேள்வித்தாள்களை மேஜை மேஜையாக வைத்துக்கொண்டு வந்தாள். ஒல்லியான பெண்மணி. மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. வெர்னனின் மேஜையருகே ஒரு கணம் கூடுதலாக நின்றாள்.

“மேதை நீங்கதானா?”

“சேச்சே, அதெல்லாம் ஊர்ப் பேச்சு மேடம்.”

“பார்ப்போம்,” என்றாள்.

ஆரம்பம். வெர்னனின் பென்சில் பறந்தது. முதல் இருபத்து நாலு கேள்விகளும் அவனுக்குப் பொரிகடலை. பாதி வாசகத்திலேயே விடை வந்து நாக்கில் நின்றது. வந்துவிட்ட விடைக்கு மீதிப் பாதியை எதற்குப் படிப்பது? டிக், டிக், டிக். மற்றவர்கள் மூன்றாவது கேள்வியில் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அவன் இருபத்து நான்கை முடித்துவிட்டு நெட்டி முறித்தான்.

இனிமேல்தான் நிஜமான வேலை.

இருபத்தைந்தாவது கேள்வி. பார்த்தவுடன் விடை தெரிந்தது. அதை ஒதுக்கினான். இப்போது வேறொரு விடை வேண்டும். கண்டபடி போட முடியாது, கழுகு பார்க்கும். சாதாரண மனுஷன் எப்படி யோசிப்பான்? வெர்னன் சாதாரண மனுஷனாகத் தன்னை நினைத்துக்கொண்டான். அவன் மெதுவாகப் படிப்பான், பாவம். ஒவ்வொரு சொல்லாகப் படிப்பான். சந்தேகப்பட்டு மறுபடியும் படிப்பான். விரல் விட்டு எண்ணுவான். வெர்னனும் படித்தான், மறுபடி படித்தான், விரல் விட்டு எண்ணினான். ‘ஓஹோ, பயல் இங்கேதான் ஏமாறுவான்’ என்று பிடிபட்டதும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டான்.

முப்பத்தொன்றாவது கேள்வி: நூறு அடி நீளத்துக்கு நேராக ஒரு வேலி. பத்தடிக்கு ஒரு கம்பம், இரண்டு முனையிலும் கம்பம் உண்டு. மொத்தம் எத்தனை கம்பம்?

பத்து என்று மனசு உடனே சொல்லிவிட்டது. அதைச் ‘சும்மா கிட’ என்று அடக்கினான். ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, கம்பம் கம்பமாக நட்டுப் பார்த்தான். ஒரு அப்பாவி இந்தக் கடைசிக் கம்பத்தையும் சேர்த்து எண்ணித் தொலைப்பான். பதினொன்று. டிக்.

நெற்றியில் வியர்வை துளிர்த்தது. சாதாரண மனுஷனாக இருப்பது இவ்வளவு கஷ்டமா? பிறந்ததிலிருந்து ஒரு கேள்வியை அவன் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. லுவெல்லா கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்த அதே கணம் ஐம்பதாவது கேள்வியில் கடைசித் தப்பைப் போட்டு முடித்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வியாழக்கிழமை ரஸ் போன் செய்தான்.

“மச்சான். இருபத்தாறு.”

வெர்னன் போனைக் கீழே போட்டுவிட்டு டோரீனைக் கட்டிக்கொண்டான். டோரீன் அழுதாள், சிரித்தாள், வயிற்றில் குழந்தை உதைப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். போன் தரையில் கிடந்தபடி “மச்சான், மச்சான்” என்று கத்திக்கொண்டிருந்தது.

“இருபத்து நாலுன்னுதானே சொன்ன?” என்றாள் டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“ரெண்டு தப்பு கை தவறிச் சரியாப் போயிருக்கும்.” வெர்னன் போனை எடுத்தான். “சொல்லு மாப்ள.”

“முழுசாக் கேளு மச்சான். சீஃப் உன்னை உடனே வரச் சொல்றார். பேப்பர்ல என்னமோ வில்லங்கம்னு லுவெல்லா சொல்லியிருக்கா.”

சீஃப் ஆம்ப்ரோஸ் மேஜைக்குப் பின்னால் மலை போல் உட்கார்ந்திருந்தார். மூலையில் லுவெல்லா, மடியில் வெர்னனின் விடைத்தாள். ரஸ் கதவோரம் நின்று தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“உக்காருங்க,” என்றார் சீஃப். “மார்க் சரியா இருக்கு. எனக்குத் திருப்திதான். ஆனா லுவெல்லாவுக்கு உங்க பேப்பரோட போக்கு பிடிக்கல. இயற்கையா இல்லைங்கறா. என்ன நடந்துச்சு?”

“அன்னைக்கு எனக்கு ஜலதோஷம் சார்.”

“ஜலதோஷம்.”

“அதோட கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன்.”

“நீங்க கண்ணாடி போடறதே இல்லையே,” என்றாள் லுவெல்லா.

“அதான் மேடம், எப்பவுமே மறந்துடறேன்.”

ரஸ் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பாருங்க வெர்னன்,” சீஃப் முன்னால் சாய்ந்தார். “என்கிட்ட வேலை பார்க்கிறவன் சலிச்சு ஓடக் கூடாது. அதைவிட முக்கியம், பொய் சொல்லக் கூடாது. வேணும்னே குறைச்சு எழுதினீங்களா, இல்லையா?”

வெர்னன் டோரீனை நினைத்தான். ஜனவரியை நினைத்தான். இல்லை என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். வாயைத் திறந்தான். ஆனால் அதே கணத்தில் இன்னொன்றும் உள்ளேயிருந்து பொங்கி வந்தது. இவ்வளவு நுட்பமாக ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அதை உலகத்தில் யாருக்குமே தெரியாமல் புதைக்க வேண்டுமா?

“எழுதினேன் சீஃப்,” என்றான்.

“மச்சான்,” என்று முனகினான் ரஸ்.

“முதல் இருபத்து நாலையும் உள்ளபடியே எழுதினேன். இருபத்தஞ்சிலிருந்து ஐம்பது வரைக்கும் ஒவ்வொண்ணும் வேணும்னே போட்ட தப்பு. எல்லாத்துக்கும் சரியான விடை பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதை விட்டுட்டு, சாதாரண ஆள் எங்க ஏமாறுவான்னு நிதானமா யோசிச்சுக் கண்டுபிடிச்சுப் போட்டேன்.” குரல் தானாகவே உயர்ந்தது. “ஏன்னா எனக்கு இந்த வேலை வேணும் சீஃப். ஜனவரியில குழந்தை பிறக்குது. மேப்பிள் தெரு முனையில முப்பது வருஷம் ரேடார் பிடிச்சுக்கிட்டு உக்காருவேன், ஒருநாளும் சலிக்க மாட்டேன். புத்திசாலியாப் பிறந்தது என் தப்பா?”

சீஃப் பெருமூச்சு விட்டார். நல்ல மனுஷர்தான். வருத்தத்தோடு பேனாவைத் திறந்து, பட்டியலில் வெர்னனின் பெயரைத் தேடினார்.

லுவெல்லா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விடைத்தாளை ஒன்றிலிருந்து ஐம்பது வரை பென்சில் முனையால் தொட்டுக்கொண்டே வந்தாள். இருபத்து நான்கு தாண்டியதும் அவள் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணோரம் துடைத்துக்கொண்டாள்.

“பேனாவை மூடுங்க சீஃப். இவர் வேணும்னே தப்பாப் போட்ட இருபத்தாறும் சரி, மனசாரச் சரின்னு எழுதின இருபத்து நாலும் தப்பு. மனுஷன் யாரையும் ஏமாத்தல, நாம தேடின ஆளேதான்.”